தேரடி முக்கில் ஆறு நிமிடம்

கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். வலது கை வலது தொடைக்கு அடியில், இடது கை இடது தொடைக்கு அடியில். நாற்காலியின் ரெக்சின் உள்ளங்கையில் ஒட்டுகிறது, ஒட்டட்டும். மேசையில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது, ‘கைமுறை’ என்று தாளில் எழுதி அதன்மேல் செல்லோடேப் போட்டு ஒட்டியது நான்தான், அதைத் தட்டினால் தேரடி முக்கின் நாலு பக்கச் சிக்னலும் சிவப்பாகி என் சொல்லுக்கு நிற்கும், பெரியப்பாவுக்காக நிற்கும். தட்டக் கூடாது. இன்று மாலை ஆறு மணி வரை அந்த முக்கில் மனிதக் கை படக் கூடாது, பட்டால் சோதனை செல்லாது, சோதனை செல்லாவிட்டால் சிக்னலுக்கு நான் எழுதிய விதியைத் தூக்கிவிட்டு எங்கள் கம்பெனியின் விதியைப் பழையபடி போட்டுவிடுவார்கள். மணி மூன்று நாற்பத்தொன்று. ஐந்தாம் திரையில் கீழத்தெரு வாய் தெரிகிறது, பந்தல் தெரிகிறது, பந்தலுக்கு வெளியே பறை காய்ச்சுகிற நெருப்பின் புகை தெரிகிறது. மூக்கையா பெரியப்பா இன்னும் கிளம்பவில்லை. அப்பாவுக்கு நேர் மூத்தவர், நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தம்பி மகன் நான், பாடையின் முன்கம்பில் வலது பக்கம் எனக்குரிய இடம், அந்த இடத்தில் இப்போது வேறு யாரோ தோளுக்குத் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டிருப்பான். யார் கையும் படாமல் காவல் காக்க நான் நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஏ.சி. ஓடும் அறையில், பன்னிரண்டு திரைகளுக்கு முன்னால் கையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் பெரியப்பா மகன் முனீசு அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. இந்தத் தடவை முக்கில் அப்பாவை எறக்கலாம்னு இருக்கோம், உன் சிக்னல் நிக்குமா? நிக்கும் என்றேன். சத்தியமெல்லாம் பண்ணவில்லை. நிக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தோள் கொடுக்க வா என்று அவன் கூப்பிடவும் இல்லை.

கதை சொல்வது மாதிரி சொன்னால், ஒரு ஊரில் ஒரு முக்கு இருந்தது. நாலு ரோடு வந்து முட்டும், தேர் அங்கே நிற்கும், பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை எல்லாம் அங்கே, பிறந்தவனுக்குப் பால் டின் வாங்கவும் செத்தவனுக்குக் கோடித்துணி வாங்கவும் அங்கேதான் வந்தாக வேண்டும். கீழத்தெருக்காரன் வரலாம், வாங்கலாம், காசு கொடுக்கலாம். செத்துப்போனால் மட்டும் அந்த வழி வரக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருந்தால் அழித்திருக்கலாம். பிணம் ஓடை வழியாகப் போகும், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் போகும். எங்கள் தெருவில் இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை, மூங்கில் தேரில் நாற்காலி கட்டி உட்கார்த்தி வைப்போம், முகம் வீட்டைப் பார்த்திருக்கும், வீட்டையும் தெருவையும் பார்த்தபடியே பின்பக்கமாகப் போவார். பாதிவழியில் ஒரு முக்கு வரும்போது இறக்கி வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, முகத்தைச் சுடுகாட்டுப் பக்கம் திருப்பித் தூக்குவோம், அதோடு வீட்டுக்கு வரும் வழி அவருக்கு மறந்துவிடும். முக்கில்தான் திருப்ப வேண்டும். எங்களுக்கு முக்கு இல்லாததால் ஓடைக்குள் ஒரு பாறையை முக்கென்று வைத்துக்கொண்டோம். எத்தனை பேர் பாறையில் திரும்பினார்களோ, அவர்களுக்கெல்லாம் வழி சரியாக மறந்ததோ இல்லையோ. இதில் பெரியப்பா நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். தேரடி முக்குக்கு மூன்று தடவை தார் போட்டவர், நாலு பக்கமும் தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்தவர், மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று தண்ணீர் வடிகிற அழகைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு சொட்டு நிக்குதா பார்டா என்பார். நிற்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டு, கீழத்தெருப் பிணம் முக்கு வழியாகப் போகலாம், ஆனால் நிற்கக் கூடாது, இறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு என்று போட்ட தாள் அது. வருஷம் முடிந்து மூன்றாயிற்று. தாள் செத்துவிட்டது, பயம் மட்டும் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறது. இதுவரை போன மூன்று பேரும் முக்கைத் தாண்டும்போது ஓட்டமாகத்தான் போனார்கள், திருப்பாமல், பின்பக்கமாகவே.

ஏட்டு எடிசன் கடலை உரிக்கிறார். போக்குவரத்துப் போலீசின் சார்பில் இந்த அறையில் உட்கார வைக்கப்பட்டவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, ஊர் திசையன்விளைப் பக்கம். “என்ன தம்பி, கையைக் கோழி முட்டை மாதிரி அடைகாக்கியளா?” என்கிறார். ஆமா ஏட்டையா என்றேன். குஞ்சு பொரிக்கட்டும் என்று தோலை ஊதினார். இவரோடுதான் நான் அதைக் கண்டுபிடித்தேன், இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே நாற்காலியில். சிக்னலுக்குக் கண் வைக்கிற வேலை என்னுடையது. கேமரா பார்க்கும், பைக் எத்தனை, பஸ் எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ணும், எந்தப் பக்கம் கூட்டமோ அந்தப் பக்கத்துக்குப் பச்சையை நீட்டிக் கொடுக்கும். பழைய வீடியோவைக் காட்டிக் காட்டித்தான் அதற்குப் பழக்க வேண்டும். சென்னையில் ஒரு கூடத்தில் நூறு பேர் உட்கார்ந்து, இது ஊர்வலம், இது இடையூறு என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து அனுப்பியிருந்தார்கள். ஊர்வலம் என்றால் சிக்னல் நிற்கும். இடையூறு என்றால் இரண்டு நிமிடம் பொறுக்கும், பிறகு முக்கில் உள்ள ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், ‘சந்திப்பில் நிற்காதீர்கள், உடனே நகருங்கள்’ என்று சொல்லும், முன்னால் நிற்கிற நாலு பேர் முகத்தைப் படம் எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பும். முன்னால் நிற்கிற நாலு பேர் யார்? தூக்குகிறவர்கள். அரிசி ஆலைக்காரர் சாவு இருபத்திரண்டு நிமிடம் முக்கை அடைத்தது, அது ஊர்வலம். பால்குடம் ஊர்வலம். இறந்தவரைச் சுமந்த பள்ளிவாசல் சந்தூக்கு ஊர்வலம், கட்சிக்காரர் பிறந்தநாள் ஊர்வலம். கீழத்தெருவின் மூன்று சாவும், ஒன்றரை ஒன்றரை நிமிடம் ஓடிப்போன மூன்றும், இடையூறு.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பெயர் வைத்தவர்கள் யார் என்று விசாரித்தால், இந்த ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாதவர்கள், அவர்களுக்குக் கொடுத்த தாளில் இருந்தது ஒரு வரி: காவலர் வாகனங்களை நிறுத்தி வழிவிட்டால் ஊர்வலம், காவலர் கூட்டத்தை அப்புறப்படுத்தினால் இடையூறு. அவ்வளவுதான். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அரிசி ஆலைக்காரருக்குக் காக்கிச்சட்டை பிணத்துக்கு முதுகைக் காட்டி, வண்டிகளைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்கிறது. எங்களுக்குக் காக்கிச்சட்டை வண்டிகளுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்துக் கையை வீசுகிறது, போ போ என்று. இயந்திரம் சாதி பார்க்கவில்லை, பாவம், அதற்கு அது தெரியாது, போலீஸ்காரரின் முதுகு எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தது, அதிலேயே எல்லாம் இருந்தது. எடிசன் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வீடியோவில் உரித்த கடலை கையிலேயே நின்றுவிட்டது. அது நான்லா, என்றார். திரையில் கையை வீசுகிற ஆள் அவர்தான், இன்னும் கொஞ்சம் முடி இருந்திருக்கிறது. டீ வந்தது, குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, என்னை மாதிரி ஒருத்தன் முதுகைப் பாத்தா தம்பி இந்த மிஷினு படிச்சுது, உருப்பட்ட மாதிரிதான் என்று சிரித்தார். சிரிப்புச் சரியாக வரவில்லை. நான் அன்றைக்கு அந்த மனுஷனை மன்னித்தேனா என்று இப்போதும் தெரியாது. மன்னிக்கிற இடத்தில் என்னை யாரும் உட்கார வைக்கவில்லை, சிக்னலுக்கு முன்னால்தான் உட்கார வைத்தார்கள்.

மேனேஜர் கோபிநாத் சார் கெட்டவர் இல்லை. சென்னையிலிருந்து திரையில் பேசுவார். என் குரல் சின்னது, கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் சீலன் கேட்கலை, சீலன் மைக் கிட்ட வாங்க என்று இரண்டு தடவையாவது வரும், அதனால் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு உடனே கூப்பிட்டார், சங்கடப்பட்டார், நல்ல மனசோடு மூன்று வழி சொன்னார். பறையையும் பாடையையும் அடையாளம் காணப் பழக்கிவிடலாம் என்றார். பழக்கலாம். அப்புறம் எந்தத் தெருவிலிருந்து பறை வந்தது, எந்தத் தெருவிலிருந்து பேண்டு வந்தது என்று ஊரின் சாவு முழுவதும் சாதிவாரியாக ஒரு கணினியில் கிடக்கும், யார் எடுத்துப் பார்ப்பார்கள், எதற்குப் பார்ப்பார்கள். வேண்டாம் சார். சரி, அனுமதிச்சீட்டு எண் கொடுத்தால் சிக்னல் நிற்கும்படி செய்யலாம் என்றார். சாகிறவன் மனு போட்டுவிட்டுச் சாக வேண்டும். வேண்டாம் சார். அப்படியானால் உங்க ஏரியாவை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டுடுங்க, ஒரு கிளிக், யாருக்கும் தெரியாது என்றார். அந்த ஒரு கிளிக்கையே மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவின் பெயர் பட்டியலில் தயாராக இருக்கிறது, பக்கத்தில் சின்னக் கட்டம், கட்டத்தில் ஒரு டிக். ஆண்டாண்டாக ஆளாளுக்கு அவரவர் தெருவுக்குப் போட்டுக்கொண்ட டிக்தானே, நான் ஒருத்தன் போட்டால் என்ன? போட்டால், நாளைக்கு இந்த நாற்காலியில் வேறொருத்தன் வந்து எடுத்துவிடுவான். எடுப்பதற்கும் ஒரே கிளிக்தான். பட்டியலே இல்லாத ஒரு வரி எழுதினேன். முக்கில் நடந்துபோகிறவர் ஒருவர் இருக்கும்வரை எந்தப் பக்கமும் பச்சை எரியாது, நடந்துபோகிறவரின் முகம் எடுக்கப்படாது. யார், எங்கிருந்து, எதற்கு என்று கேட்காத வரி. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வாட்டம் பார்த்தாரே, அந்த மாதிரி ஒரு வரி. எங்கேயும் ஒரு சொட்டு நிற்காது. இந்த ஊரில், இந்த மாவட்டத்தில், எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வரியை எழுதியவன் நான் ஒருத்தன்தான், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது, உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறேன். கோபிநாத் சார் படித்துவிட்டு, இது செண்டிமென்ட், வண்டிகள் கொந்தளிச்சிடும் என்றார். ஒருநாள் சோதிப்போம் என்று முடிவாயிற்று. எந்த ஒரு மணி நேரத்திலும் வண்டிகளின் சராசரிக் காத்திருப்பு எழுபத்தைந்து விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விதி போய்விடும். அந்த ஒரு நாள் இன்று. பெரியப்பா நாள் பார்த்துக் கை கழுவப் போயிருக்கிறார்.

கிளம்பிவிட்டார்கள். ஐந்தாம் திரையிலிருந்து ஆறாம் திரைக்கு வந்துவிட்டார்கள். இந்தக் கேமராவுக்குக் காது இல்லை, சத்தமில்லாமல் பறை அடிக்கிறார்கள், சத்தமில்லாமல் வெடி போடுகிறார்கள், புகை மட்டும் எழும்புகிறது. செல்லையா மாமா தேருக்கு முன்னால் ஆடிக்கொண்டு வருகிறார், காலையிலேயே ஏற்றிக்கொண்டிருப்பார். முனீசு அண்ணன் கொள்ளிச்சட்டியோடு. அப்பா ஓரமாக, சட்டைப்பையில் செல்போன் துருத்திக்கொண்டு. ஒவ்வொருவரைச் சுற்றியும் இயந்திரம் பச்சைக் கட்டம் போடுகிறது, கட்டத்தின் தலையில் ‘நடப்பவர்’ என்று எழுதுகிறது. அறுபத்து நாலு என்று எண் வருகிறது. எனக்கு எண்ணுவதுதான் வேலை, நானும் எண்ணினேன், அறுபத்து மூன்றுதான் வந்தது. திரும்ப எண்ணினேன், அறுபத்து மூன்று. அப்புறம்தான் பார்த்தேன். தேரின் உச்சியில், கழுத்து நிறைய மாலையோடு, நெற்றியில் காசு ஒட்டி, வீட்டைப் பார்த்தபடி பின்பக்கமாக வருகிறாரே, அவரைச் சுற்றியும் ஒரு பச்சைக் கட்டம். நடப்பவர். அதற்கு யார் செத்தது என்று தெரியாது. தாத்தா கதை சொல்லும்போது ஒவ்வொரு வரிக்கும் நான் உம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் தூங்கிவிட்டேன் என்று நிறுத்திவிடுவார், இந்த இயந்திரம் விநாடிக்குப் பத்துத் தடவை பெரியப்பாவுக்கு உம் கொட்டுகிறது, இருக்கார், இருக்கார், இருக்கார். எடிசன் எழுந்து நின்றுவிட்டார். கடலைத்தோல் மடியிலிருந்து தரையில் கொட்டியது. தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வெக்கையா இருக்கு என்றார். ஏ.சி. பதினெட்டில் ஓடுகிறது.

மூன்று ஐம்பது. ஒன்றாம் திரை, தேரடி முக்கு. முதல் கால் வெள்ளைக்கோட்டைத் தாண்டியது, நாலு பக்கமும் சிவப்பு. நான் தட்டவில்லை, எடிசன் தட்டவில்லை, நடுவில் நின்று கையை உயர்த்தவோ வீசவோ ஒரு காக்கிச்சட்டை இல்லை, யாருடைய முதுகும் இல்லை. பஸ் நிற்கிறது, பைக்குகள் நிற்கின்றன, தண்ணீர் லாரி பெருமூச்சு விட்டதைப் போல ஒரு குலுங்கு குலுங்கி நிற்கிறது. பாத்திரக்கடைக்காரர் படியில் இறங்கி வந்து பார்க்கிறார். நிற்கிறது. நான் சொன்னேன், நிற்கிறது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஓடுகிறார்கள். தேர் நட்டமாக நிற்காமல் சாய்கிறது, தூக்குகிறவர்களின் கால் பின்னிப் பின்னி ஓடுகிறது, செல்லையா மாமாகூட ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடுகிறார், பெரியப்பாவின் தலை மாலைக்குள் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. இறக்கவில்லையா? இறக்கத் தாழ்த்தினார்கள், முக்கின் நடுவில் தரையில் படுவதற்குள்ளேயே ஒரு சுற்று, அரைச் சுற்று, அவசர அவசரமாக, சூடான சட்டியைக் கைமாற்றுகிற மாதிரி. அப்பா நாலு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், போலீஸ் எங்கே என்று தேடுகிறார். இல்லாத போலீசுக்கு ஓடுகிறார்கள். வழி கிடைத்துவிட்டது, நேரம் கிடைத்துவிட்டது, காலுக்கு மட்டும் அது தெரியவில்லை. திரையின் ஓரத்தில் எண் நல்லபடியாக இருக்கிறது, இந்த மணி நேரத்துச் சராசரி அறுபத்திரண்டு, இப்படியே ஓடினால் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள், சோதனை தேறிவிடும், விதி நிலைத்துவிடும், எல்லோருக்கும், என்றைக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் இவர்கள் ஓடுவதால் தேறுகிற விதி என்ன விதி? ஓடுகிறவனுக்கு வழிவிட என் வரி எதற்கு, அந்தத் தாலுகா ஆபீஸ் தாளே போதுமே. மெதுவாகப் போகச் சொன்னால் எண் தாண்டும். சொல்லாவிட்டால் பெரியப்பா அரைத் திருப்பலோடு போவார், முகம் வீட்டுக்கும் இல்லாமல் காட்டுக்கும் இல்லாமல் மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டு. தொடைக்கு அடியிலிருந்து வலது கையை உருவினேன். எடிசனின் கண் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. நான் செல்போனை எடுத்தேன்.

திரையில் அப்பா சட்டைப்பையைத் தடவுவது தெரிந்தது. எடுத்ததும் பறைச்சத்தம் என் காதில் இடித்தது, அதுவரை ஊமையாக ஓடிய படத்துக்கு உயிர் வந்துவிட்டது. “அப்பா, ஓடாதீங்க.” கேக்கல சாமி என்றார். எழுந்து நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை, எடிசன் ஓரடி பின்னால் போனார். “ஓடாதீங்கப்பா. நிக்குது. நீங்க கடைசியா கால எடுக்கிற வரைக்கும் நிக்கும்.” யாரு நிப்பாட்டிருக்கா, போலீசா என்று கேட்டார். “யாருமில்லப்பா. யாரையும் பாக்க வேண்டாம். பெரியப்பாவ நல்லா எறக்குங்க.” போன் அணையவில்லை, காதிலிருந்து இறங்கிவிட்டது. அப்பா கையைத் தூக்கி என்னவோ சொல்கிறார். ஒவ்வொருவராக நிற்கிறார்கள். ஒருவன் இன்னும் நாலு எட்டு ஓடிப்போய், தனியாகிவிட்டதைப் பார்த்துத் திரும்பி வந்தான். மூங்கில் தேர் தரையைத் தொட்டது, பெரியப்பா போட்ட தாரின் மேல், அவர் பார்த்த வாட்டத்தின் உச்சியில். பறை ஒரு கணம் நின்றது, பிறகு வேறு அடி தொடங்கியது, நிதானமான அடி. முனீசு அண்ணன் சட்டியோடு சுற்றுகிறான், நான் சுற்றை எண்ணுகிறேன். ஒன்று. ஒன்றாம் நிமிடம், இரண்டாம் நிமிடம். இரண்டு. ஒரு பைக்குக்காரன் முன்சக்கரத்தை நுழைத்துப் பார்க்கிறான், பக்கத்தில் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்திருந்த அம்மா அவனை என்னவோ கேட்டாள், சக்கரம் பின்வாங்கியது. பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார், புகை நின்றது. மூன்றாம் நிமிடம். மூன்று. சராசரி அறுபத்தாறு, அறுபத்தொன்பது, எழுபத்தொன்று. நாலு பேர் கம்பைப் பிடித்துத் தேரைச் சுழற்றுகிறார்கள், பெரியப்பா மெதுவாகத் திரும்புகிறார், பாத்திரக்கடையைப் பார்க்கிறார், தேரடியைப் பார்க்கிறார், பஸ்ஸைப் பார்க்கிறார், நிற்கிற அத்தனை வண்டிகளையும் ஒரு வரிசை பார்த்துவிட்டு, சுடுகாட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். நடப்பவர். பச்சைக் கட்டம் கூடவே திரும்பியது. எழுபத்து நாலு. தூக்கிவிட்டார்கள், போகிறார்கள், நடக்கிறார்கள், நடந்துதான் போகிறார்கள், முக்கு காலியாகிறது, ஒருவரைத் தவிர. செல்லையா மாமாவுக்கு ஆட்டம் வந்துவிட்டது. நட்ட நடு முக்கில் தனியாக, வேட்டியை மடித்துக் கட்டி, நாலு ரோட்டு வண்டியும் பார்க்க ஆடுகிறார். ஒரு நிமிடம் ஆடினார். ஒரு முழு நிமிடம். இயந்திரம் பொறுத்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய வரி அது, ஒருவர் இருக்கும்வரை, அந்த ஒருவர் செல்லையா மாமாவாக இருந்தாலும். எழுபத்தெட்டு. அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனபோது மணி மூன்று ஐம்பத்தாறு. வடக்குப் பக்கம் பச்சை எரிந்தது.

மேசைப் போன் அடிக்கும் என்று தெரியும், அடித்தது. கோபிநாத் சார் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். ஆறு நிமிஷம் ஆல் ரெட் சீலன், நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், யாரு அது என்றார். எங்க பெரியப்பா சார் என்றேன். ஐயோ, சாரி சீலன் என்றார், நிஜமாகவே சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, காரணம் கேட்கும் கட்டத்தில் வி.ஐ.பி. கடப்பு என்று போட்டுவிடச் சொன்னார். அதைப் போட்டால் அந்த ஆறு நிமிடக் காத்திருப்பு சராசரியில் சேராது, எண் அறுபதுக்கு இறங்கிவிடும், சோதனை தேறும், விதியும் நிலைக்கும், உங்க பெரியப்பா வி.ஐ.பி.ன்னா யாரு இல்லேங்கப்போறா என்றார். திரையில் பட்டியல் திறந்து கிடக்கிறது. விபத்து, மழை, பழுது, வி.ஐ.பி. கடப்பு, மற்றவை. போடுங்க தம்பி என்று எடிசன் வாயசைக்கிறார். மூக்கையா, சாலைப் பணியாளர், வி.ஐ.பி. ஆசையாகத்தான் இருந்தது. அந்த வார்த்தையின் பக்கத்தில் அவர் பெயரை வைத்துப் பார்த்தால் மார்பு விரிகிறது. ஆனால் வி.ஐ.பி. என்றால் என்ன அர்த்தம்? அவருக்காக நின்றவர்கள் நிற்கவே இல்லை என்று அர்த்தம். என்ஜினை அணைத்த டிரைவர் நிற்கவில்லை, சக்கரத்தைப் பின்வாங்க வைத்த அந்த அம்மா நிற்கவில்லை, பிடிக்காமலோ பிடித்தோ படியில் நின்ற பாத்திரக்கடைக்காரர் நிற்கவில்லை. இந்த ஊர் முதல் தடவையாக எங்களுக்காக ஆறு நிமிடம் நின்றிருக்கிறது, யாரும் கையை ஓங்காமல், யாரும் கையெழுத்து வாங்காமல், அதையா நான் கணக்கில் இல்லை என்று எழுதுவேன்? “வேண்டாம் சார். நின்னவங்க எல்லாரையும் எண்ணட்டும். நடந்து போனாங்க, அதனால நின்னோம்னு இருக்கட்டும்.” விதி போயிடும் சீலன். “எழுபத்தஞ்சுங்கிறது யாரும் நடக்காத ஊருக்கு வச்ச எண் சார். அத மாத்தச் சொல்லி இன்னிக்கே எழுதுறேன். போச்சுன்னா திரும்ப எழுதுறேன்.” வைத்துவிட்டேன். மேனேஜர் வைப்பதற்கு முன்னால் நான் வைத்தது இதுதான் முதல் தடவை. ‘மற்றவை’ என்பதைத் தேர்ந்து, கேட்ட இடத்தில் எழுதினேன்: நடப்பவர், அறுபத்து நாலு பேர். இயந்திரம் எண்ணியபடியே எழுதினேன், திருத்தவில்லை.

நீங்க போங்க தம்பி, கொள்ளி வைக்கதுக்குள்ள போயிரலாம், ஆறு மணி வரைக்கும் எவன் கையும் படாம நான் பாத்துக்கிடுதேன் என்றார் எடிசன். என் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மாடிப்படி இறங்கி ரோட்டுக்கு வந்தேன். வெயில் கண்ணைக் கூச வைத்தது. சுடுகாட்டு ரோட்டுக்கு முக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். தாரின் மேல் பூ கிடக்கிறது, பொரி கிடக்கிறது, டயர் ஏறி நசுங்கிய செவ்வந்தி வாசனை எண்ணெய் நாற்றத்தோடு கலந்து வருகிறது. வெள்ளைக்கோட்டில் காலை வைத்தேன். சிவப்பு விழுந்தது. பஸ் ஒன்று, பைக் எட்டோ ஒன்பதோ, எனக்காக, ஒற்றை ஆளுக்காக, யார் பெற்ற பிள்ளை என்று கேட்காமல் நின்றன. தொலைவில் பறை கேட்கிறது, நேரமாகிவிட்டது, வேகமாகப் போனால் பிடித்துவிடலாம், கால் தானாக எழும்பியது, நூறு வருஷத்து ஓட்டம் அதில் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன். தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு எட்டாக வைத்து, நடுமுக்கு வழியாக நடந்து போனேன்.